சிங்கப்பூரா ஜெர்மனியா: அட்டவணை போட்டேன், கூட்டிப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை

நிழல்மரம்:
வணக்கம் நண்பர்களே. எனக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று சிங்கப்பூர், இன்னொன்று ஜெர்மனி. மனைவியும் வேலை பார்ப்பவர், கணக்கியல் துறை. மகளுக்கு எட்டு வயது. பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம் இருக்கிறது.

நான் எதையும் எழுதிப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். அதனால் ஒரு அட்டவணை போட்டேன். சம்பளம், வரி, வீடு, மருத்துவம், பள்ளி, பாதுகாப்பு, மொழி, விடுமுறை, கடைசியாக உரிமைகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூட்டினால் சிங்கப்பூர் 7 மதிப்பெண் முன்னால் நிற்கிறது. ஆனாலும் அந்த விடையை என்னால் ஏற்க முடியவில்லை. பாதுகாப்புக்கு 9 போட்டபோது கை தயங்கவில்லை. உரிமைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அதற்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது? பள்ளிக்கும் வரிக்கும் உள்ள அதே பத்து மதிப்பெண்தானா அதற்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வடகாற்று:
பதினோரு வருடமாக சிங்கப்பூரில் இருக்கிறேன். யோசிக்காமல் வாருங்கள் என்றுதான் சொல்வேன். என் மகள் இரவு பதினொன்றரைக்கு ரயிலில் தனியாக வீடு திரும்புவாள். பல நாள் அதற்குள் நான் தூங்கியிருப்பேன். ஒரு பெண் பிள்ளை பயமில்லாமல் நடமாடுவது உரிமை இல்லையா? அதை ஏன் ‘பாதுகாப்பு’ என்று தனி வரிசையில் போட்டு, ‘உரிமை’ என்பதை வேறு ஏதோ உயர்ந்த விஷயம் போல வைத்திருக்கிறீர்கள்?

இங்கே குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் நான்கில் மூன்று பேருக்கு மேல் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள், அதில் பெரும்பாலானவை சொந்த வீடுகள். நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. அரசு அலுவலகத்தில் லஞ்சம் என்ற பேச்சே கிடையாது. பொதுக்கூட்டம் போட அனுமதி வாங்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நாம் எத்தனை பேர் வாழ்க்கையில் பொதுக்கூட்டம் போட்டிருக்கிறோம்?

எல் சல்வடாரைப் பாருங்கள். 2015இல் லட்சம் பேருக்கு நூறுக்கு மேல் கொலை நடந்த மத்திய அமெரிக்க நாடு. 2022 மார்ச்சில் அவசர நிலை கொண்டுவந்து கும்பல்களை உள்ளே தள்ளினார்கள். இன்று தாய்மார்கள் பிள்ளைகளைத் தெருவில் விளையாட விடுகிறார்கள். அந்தத் தாயிடம் போய் உரிமை பற்றிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

கணக்குப்பிள்ளை:
நிழல்மரம், உங்கள் அட்டவணையில் உள்ள சிக்கல் பெரிய பெரிய அமைப்புகள் போடும் அட்டவணைகளிலும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990இலிருந்து மனித வளர்ச்சிக் குறியீடு வெளியிடுகிறது. பாகிஸ்தானின் மஹபூப் உல் ஹக் முன்னெடுத்தது, அமர்த்தியா சென்னும் உடனிருந்து வடிவமைத்தார். அதில் உள்ளவை மூன்றே மூன்று: ஆயுள், படிப்பு, வருமானம். வாக்குரிமை, நீதிமன்றம், பத்திரிகை எதுவும் அதில் கிடையாது. அதனால்தான் ஐக்கிய அரபு அமீரகம் அந்தப் பட்டியலில் அமெரிக்காவுக்கு முன்னால் வருகிறது. கணக்கில் தப்பில்லை. அது அளக்கும் பொருளே வேறு. ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு இதற்கு நேர் எதிர். அரசியல் உரிமைக்கு 40, குடிமை உரிமைக்கு 60 என நூற்றுக்குப் போடுகிறது. பின்லாந்துக்கு முழு நூறு. சிங்கப்பூர் பாதிக்குச் சற்றுக் கீழே, ‘ஓரளவு சுதந்திரம்’ என்ற பிரிவில் இருக்கிறது. இதில் ஆயுளும் இல்லை, ரயிலும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பாதியாக வகுத்தால் வருவது இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒரு எண்.

மகிழ்ச்சி என்று ஒரு அளவுகோலும் உண்டு. ‘ஒட்டுமொத்த தேசிய மகிழ்ச்சி’ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தது பூட்டான். அதே பூட்டானிலிருந்து 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் லோட்ஷம்பா மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியேற்றப்பட்டு, நேபாளத்தில் அகதி முகாம்களில் பதினைந்து இருபது ஆண்டுகள் கிடந்தார்கள். 2008க்குப் பிறகுதான் அமெரிக்கா முதலிய நாடுகள் அவர்களில் பெரும்பாலோரைக் குடியேற்றின. நாட்டுக்குள் மிஞ்சியிருப்பவர்களிடம் மட்டும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று கேட்டால், வெளியே தள்ளப்பட்டவர்களின் பதில் கணக்கிலேயே வராது.

ஆகவே ‘எந்த நாடு’ என்பதோடு ‘யாருக்கு’ என்றும் கேளுங்கள். உங்கள் அட்டவணையில் மேலே நாட்டின் பெயர் இருக்கிறது. அங்கே நீங்கள் எந்த விசாவில் இருப்பீர்கள் என்பது எங்குமே இல்லை.

அகல்:
வடகாற்று அண்ணா, உங்கள் மகள் பயமில்லாமல் வருவதில் எனக்கும் சந்தோஷம்தான். அதைக் குறைத்துப் பேசவே மாட்டேன். ஆனால் அதே சிங்கப்பூரில் என் அக்கா ஆறு வருடம் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தாள். அதையும் இந்த இழையில் யாராவது எழுத வேண்டும்.

அவளுக்கும் தெரு பாதுகாப்பானதுதான். ஆனால் தெருவுக்கு வர விட்டால்தானே? வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதே 2013இல்தான் சட்டமானது. அதையும் பணம் கொடுத்து ஈடுகட்டலாம் என்று வைத்திருந்தார்கள். மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டக் கூடாது என்ற விதி 2023இல் வந்தது. நாட்டின் வேலைவாய்ப்புச் சட்டம் வீட்டுப் பணியாளர்களுக்குப் பொருந்தாது, தனி விதிகள்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் சேர்த்தி. கர்ப்பம் என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சிங்கப்பூர்க்காரர் ஒருவரை மணக்க வேண்டுமென்றால் அரசின் அனுமதி வேண்டும். குடும்பத்தை அழைத்து வர முடியாது. எத்தனை வருடம் உழைத்தாலும் நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பிக்க வழியில்லை.

முதல் வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், இன்றும் அவளுக்கு போன் செய்வார்கள். இரண்டாவது வீட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிறு மாலை மட்டும் கொடுத்தார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. வேலை அனுமதிச் சீட்டு அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் சீட்டும் போய்விடும், ஊரில் கடன் அப்படியே நிற்கும். நல்ல வீடு கிடைத்தால் நல்ல வாழ்க்கை, கெட்ட வீடு கிடைத்தால் கெட்ட வாழ்க்கை. முதல் வீட்டில் அவளுக்குக் குறை எதுவும் இல்லை, ஆனால் கேட்டு வாங்கும் உரிமை அங்கேயும் இல்லை. அது இல்லாதது இரண்டாவது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எல் சல்வடார் பற்றி ஒன்று. எண்பதாயிரம் பேருக்கு மேல் பிடித்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் பின்னால் விடுவித்தார்கள். தெருவில் விளையாடும் பிள்ளையின் தாயைச் சொன்னீர்கள். தவறாகப் பிடிபட்ட பையனின் தாயும் அதே தெருவில்தான் இருக்கிறாள் அண்ணா.

வடகாற்று:
தங்கச்சி, உங்கள் அக்கா பட்டதை நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக்களில் கூடும் அந்தப் பெண்களை வாரா வாரம் பார்க்கிறேன். பார்த்தும் பழகிப்போய்விட்டது என்பதை உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் உணர்கிறேன். நான் எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது அதிகச் சம்பள வேலைக்கான விசாவில் வந்து பிறகு நிரந்தரவாசி ஆனவன். நான் சொன்ன சிங்கப்பூர் என் சிங்கப்பூர்தான்.

ஆனாலும் ஒரு கருத்தில் நிற்கிறேன். முதலில் நாடு வளர வேண்டும், வயிறு நிறைய வேண்டும், பிறகு உரிமைகள் தாமாக வரும். தென் கொரியாவைப் பாருங்கள். ராணுவ ஆட்சியில் தொழில் வளர்ந்தது, 1987இல் ஜனநாயகம் வந்தது. வரிசை அப்படித்தான்.

கணக்குப்பிள்ளை:
‘தாமாக’ என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1987 ஜூனில் தென் கொரிய நகரங்களில் வாரக்கணக்கில் லட்சக்கணக்கான மக்கள் தெருவில் நின்றார்கள். போலீஸ் விசாரணையில் ஒரு மாணவர் சித்திரவதை செய்து கொல்லப்பட்டதை மூடிமறைத்தார்கள் என்பது வெளிவந்ததும் கொதிப்பு ஏறியது. அதற்கு ஏழு வருடம் முன்னால் குவாங்ஜூவில் ராணுவம் மக்களைச் சுட்டுத் தள்ளியிருக்கிறது. அந்த நாட்டின் செல்வம் உரிமையைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

செல்வம் வந்தால் உரிமை வரும் என்றால் சுவிட்சர்லாந்தில் எப்போதோ வந்திருக்க வேண்டும். அங்கே பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971இல். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலம் தன் மாநில வாக்கெடுப்புகளில் அப்போதும் மறுத்து, 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது. இலங்கை அடிமை நாடாக இருந்த 1931லேயே ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. பணத்துக்கும் உரிமைக்கும் அப்படி ஒரு நேர்க்கோடு இல்லை. கோஸ்டா ரிகாவின் வருமானம் அமெரிக்காவின் ஒரு சிறு பங்கு. 1948இல் ராணுவத்தையே கலைத்துவிட்டு, படிப்புக்கும் மருத்துவத்துக்கும் செலவழித்தார்கள். இன்று அங்கே சராசரி ஆயுள் அமெரிக்காவைவிடச் சற்று அதிகம்.

உரிமை என்றால் பேச்சும் வாக்கும் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1966இல் ஐ.நா. இரண்டு உடன்படிக்கைகள் செய்தது. ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கு. இன்னொன்று வேலை, உணவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு. அமெரிக்கா முதலாவதை ஏற்று உறுதிசெய்தது, இரண்டாவதில் கையெழுத்து மட்டும் போட்டு இன்றுவரை உறுதிசெய்யவில்லை. சீனா இரண்டாவதை உறுதிசெய்தது, முதலாவதில் கையெழுத்தோடு நிற்கிறது. இரண்டு பெரிய நாடுகளும் ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொண்டு மற்றவரிடம் இல்லாத பாதியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சாய்தளம்:
அமெரிக்காவில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருத்தி எழுதுகிறேன். மேலே கணக்குப்பிள்ளை சொன்ன ‘பாதி’ என் வாழ்க்கையில் எப்படி இருக்கிறது என்று சொன்னால் நிழல்மரத்துக்கு உதவலாம்.

இங்கே வந்த முதல் வாரம் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். ஓட்டுநர் சாய்தளத்தை இறக்கினார், நான் ஏறினேன், அவர் நாற்காலியைப் பட்டையால் பிணைத்தார், பேருந்து கிளம்பியது. யாரும் என்னைத் தூக்கவில்லை. யாரும் பரிதாபமாகப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் முதல் முறையாக யாருடைய தயவும் இல்லாமல் ஒரு பேருந்தில் ஏறினேன். அன்று இரவு அழுதேன். இது 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பலன். அந்தச் சட்டம் இழுபட்டுக்கொண்டிருந்தபோது அந்த வருடம் மார்ச் மாதம் ஏறத்தாழ அறுபது பேர் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்தே ஏறினார்கள். ஜூலையில் சட்டம் கையெழுத்தானது. எனக்கு சாய்தளம் இறங்கியது அவர்களால்தான்.

அதே அமெரிக்காவில் என் உடன் வேலை பார்த்த பெண் குழந்தை பெற்று ஐந்தாவது வாரம் அலுவலகம் வந்துவிட்டாள். சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தர வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் இங்கே இல்லை. 1993 சட்டப்படி 12 வாரம் விடுப்பு உண்டு, சம்பளம் கிடையாது, அதுவும் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில்தான். சில மாநிலங்கள் தாமாகச் செய்கின்றன, அவள் இருந்த மாநிலத்தில் இல்லை. எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள். நிரந்தர வசிப்புரிமையான கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால் இந்தியாவில் பிறந்தவர்கள் வரிசையிலேயே வயதாகிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் என்ன மதிப்பெண் போடுவேன்? எனக்கு இந்த நாடு பத்து. அவளுக்கு மூன்று. இரண்டும் உண்மை.

நிழல்மரம்:
இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனைவியும் படித்தார். அட்டவணையில் கூட்டல் வரியை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ‘எனக்கு வேலை போன மறுநாள் நாங்கள் மூவரும் எங்கே நிற்போம்’ என்று ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தோம்.

சிங்கப்பூர்ப் பக்கம் விரைவில் முடிந்துவிட்டது. என் பாஸ் ரத்தானால் குடும்பத்தின் பாஸும் ரத்து, கிளம்ப ஏறத்தாழ 30 நாள். மனைவி டிபெண்டன்ட் பாஸில், அதாவது குடும்பத்தினருக்கான விசாவில் வருவார். 2021 மே மாதத்திலிருந்து அந்த பாஸில் இருப்பவர்கள் வேலை பார்க்கத் தனியாக ஒரு வேலை பாஸ் பெற வேண்டும். நான் முதல் அட்டவணையில் என் சம்பளத்தை மட்டும் எழுதியிருந்தேன். “என் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது?” என்று அவர் கேட்டபோது பதில் இல்லை. அவருக்குப் பன்னிரண்டு வருட அனுபவம். நான் அதை ஒரு மதிப்பெண்ணாகக்கூடப் போடவில்லை.

ஜெர்மனிப் பக்கத்தை நிரப்ப அங்கே இருப்பவர்கள் உதவ வேண்டும்.

பனிக்காலம்:
ஒன்பது வருடம் ஜெர்மனியில். உங்கள் கேள்வி எனக்கு நடந்தே விட்டது, அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

ப்ளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டவருக்கான ஐரோப்பிய வேலை விசாவில் வந்து மூன்று வருடம் ஆன பிறகு, ஆட்குறைப்பு என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். கை நடுங்கியது. உடன் வேலை பார்த்த ஜெர்மானியர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், இன்றே போ” என்றார். நிறுவனத்தின் மேல் வழக்கா, விசாவில் இருப்பவன் நானா என்று எனக்குப் பயம். இங்கே பத்துப் பேருக்கு மேல் உள்ள இடத்தில் ஆறு மாதம் தாண்டி வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது. அந்தச் சட்டம் நான் எந்த நாட்டுக்காரன் என்று கேட்பதில்லை. வழக்குப் போட்டேன். முதல் அமர்விலேயே நீதிபதி இரு தரப்பையும் சமரசம் பேச வைத்தார், இழப்பீட்டோடு முடிந்தது. வழக்கறிஞர் செலவு அவரவர் பொறுப்பு, அதை மறக்காதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் காப்பீட்டுத் தொகை கட்டியிருந்ததால் ஒரு வருடம் வரை வேலையில்லாப் படி கிடைக்கும் என்றார்கள். பிள்ளை இருந்தால் கடைசிச் சம்பளத்தில் வரிபோக வந்ததில் 67 சதவீதம். ஐந்தாவது மாதம் வேறு வேலை கிடைத்துவிட்டது. ஐரோப்பிய விதிப்படி ப்ளூ கார்டுக்காரருக்கு வேலை தேடக் குறைந்தது 3 மாதம், இரண்டு வருடம் முடித்திருந்தால் 6 மாதம். 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம், ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சி இருந்தால் 21 மாதத்திலேயே. அதைப் பெற்றுவிட்டால் இந்த மாதக் கணக்கே தேவையில்லை. உங்கள் மனைவிக்கு வந்த நாளிலிருந்தே எந்த வேலையும் பார்க்க உரிமை உண்டு. ஆனால் கணக்கியல் வேலைக்கு ஜெர்மன் மொழி இல்லாமல் கஷ்டம். உரிமை கையில் இருக்கும், வேலைக்கு ஒன்றரை இரண்டு வருடம் படிக்க வேண்டியிருக்கும். அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி கசப்பான பகுதி. வரியும் காப்பீடும் போகக் கையில் வருவதைப் பார்த்து முதல் மாதம் அதிர்ந்துபோவீர்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு சந்திப்புக்கு மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். வாடகை வீட்டுக்கு எழுதினால் நம் பெயரைப் பார்த்தே பதில் வராத அனுபவம் எனக்கு உண்டு. சட்டம் சமம் என்கிறது, வீட்டுக்காரர் மனத்தில் அது இன்னும் ஏறவில்லை.

எல்லாவற்றையும்விட உங்கள் மகளுக்கு எட்டு வயது என்பதுதான் எனக்குக் கவலை. பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதில், பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். பல்கலைக்கழகம் போகும் வழியான கிம்னாசியம் ஒரு பக்கம், மற்றப் பள்ளிகள் இன்னொரு பக்கம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் ஜெர்மன், கணக்கு, ஊரும் இயற்கையும் பற்றிய பொது அறிவுப் பாடம் ஆகிய மூன்றின் மதிப்பெண்ணை வைத்துக் கறாராக முடிவு செய்வார்கள். மொழியே தெரியாமல் வரும் குழந்தைக்கு இரண்டு வருடம்தான் கிடைக்கும். பின்னால் மாறும் வழிகள் உண்டு, ஆனால் நீண்ட சுற்று. என் நண்பரின் மகன் கெட்டிக்காரன், அந்தச் சுற்றில்தான் போய்க்கொண்டிருக்கிறான். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் மட்டும் ஆறாம் வகுப்பு வரை பெரும்பாலோர் சேர்ந்தே படிக்கிறார்கள்.

வடகாற்று:
இங்கே பன்னிரண்டு வயதில் தொடக்கப் பள்ளி முடிவில் பி.எஸ்.எல்.இ. என்ற தேசியத் தேர்வு. அதன் அழுத்தத்தை என் வீட்டில் பார்த்திருக்கிறேன், மகள் அந்த வருடம் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் பாடம் ஆங்கிலத்தில், தாய்மொழிப் பாடமாகத் தமிழ். உங்கள் குழந்தைக்கு வாய் அடைத்துப் போகாது. வேலை போன மறுநாளை எழுதுகிறீர்கள், சரி. பள்ளியில் முதல் நாளையும் எழுதுங்கள் நிழல்மரம்.

அகல்:
வடகாற்று அண்ணா சொன்னது நியாயம். குழந்தையிடமும் கேளுங்கள். எட்டு வயதுக்குப் புரியும்.

நிழல்மரம்:
கேட்டோம். நாங்கள் வீடு, பள்ளி என்று விளக்கிக்கொண்டிருந்தோம். “அங்கேயே எப்போதும் இருக்கலாமா, மறுபடியும் மாறணுமா?” என்று மட்டும் கேட்டாள். இதற்குள் மூன்று பள்ளி மாறியவள்.

பனிக்காலம், உங்கள் பதிவைப் படித்த பிறகு வேலைக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பணியிடம் மியூனிக் என்று இருக்கிறது. நிறுவனத்துக்கு பெர்லினிலும் கிளை உண்டு. பெர்லினில் இடம் தர முடியுமா என்று இன்று காலை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மனைவி ஜெர்மன் வகுப்பில் பெயர் கொடுத்திருக்கிறார், மகளையும் சேர்த்து. சிங்கப்பூருக்கு இன்னும் மறுப்புச் சொல்லவில்லை. பெர்லின் கிடைக்காவிட்டால் மறுபடி இங்கேதான் வருவேன்.

பெர்லினில் மொழி தெரியாமல் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இருந்தால் எழுதுங்கள். வரவேற்பு வகுப்பு என்று தனியாக உட்கார வைப்பார்களா, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தா?

பனிக்காலம்:
பெர்லினில் இரண்டு வகையும் உண்டு, பள்ளிக்குப் பள்ளி மாறும். என் தோழி ஒருத்தியின் மகள் தனி வகுப்பில் சேர்ந்து பிறகு பொது வகுப்புக்குப் போனாள். அவளிடம் கேட்டு நாளை இரவு எழுதுகிறேன்.